அரிசோனா பாலைவன ஏரிகளில் குளிர்காலத் தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், ஃபீனிக்ஸ், சாண்ட்லர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வரத் தொடங்கிவிடும்: "குளிர்காலத்துக்கு எந்த இரை நல்லது?" இரையைப் பற்றி இங்கே நிறையவே இருக்கிறது. ஆனால் இந்த ஏரிகளில் குளிர்காலத்தில் முதலில் கேட்க வேண்டியது ஆழம். இரை அதற்குப் பிறகுதான். மீன் பத்தடியில் நிற்கிறதா ஐம்பதடியில் நிற்கிறதா என்று தெரியாமல் கடையையே வாங்கிக்கொண்டு போனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

எந்த ஏரிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஃபீனிக்ஸைச் சுற்றியுள்ள அணைக்கட்டு ஏரிகளைப் பற்றி. சால்ட் ஆற்றில் மேலிருந்து கீழாக ரூஸ்வெல்ட், அப்பாச்சி, கேன்யன், சவாரோ என்று நான்கு; வெர்டே ஆற்றில் ஹார்ஸ்ஷூவும் பார்ட்லெட்டும்; நகரத்துக்கு வடமேற்கே அகுவா ஃப்ரியா ஆற்றில் பிளெசன்ட். ரூஸ்வெல்ட் அணை 1911இல் கட்டி முடிக்கப்பட்டது. சவாரோவைத் தேக்கி வைத்திருக்கும் ஸ்டூவர்ட் மவுண்டன் அணை 1930இல். இவற்றோடு கொலராடோ ஆற்றின் பெரிய ஏரிகளான மீடும் ஹவாசுவும் அவ்வப்போது பேச்சில் வரும்.

இங்கே தூண்டிலில் சிக்கும் மீன்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. லார்ஜ்மவுத் பாஸ் (இனி வெறும் பாஸ்), ஸ்ட்ரைப்பர் என்ற கோடுபோட்ட பாஸ், ரெயின்போ டிரவுட், கெண்டை எல்லாமே வந்தேறிகள். இவற்றுக்குத் தீனியாகும் திரெட்ஃபின் ஷேட் என்ற விரல் நீளச் சிறுமீனும் அப்படியே. ஷேட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பதில்கள் அதைச் சுற்றியே வரும்.

குளிர்காலத்தில் மீன் கடிக்குமா?

கடிக்கும். மினசோட்டாவில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள் ஏரி உறைந்துவிடும் என்ற நினைப்பில் தூண்டிலை அக்டோபரிலேயே பரணில் ஏற்றிவிடுகிறார்கள். இந்த ஏரிகள் உறைவதில்லை. ஜனவரியில் மேல்நீர் வழக்கமாக 50 முதல் 55 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 10 முதல் 13 செல்சியஸ் வரை இருக்கும். சவாரோவைவிடச் சுமார் 600 அடி உயரத்தில் இருப்பதால் ரூஸ்வெல்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குளிரும்.

அந்தக் குளிரில் பாஸின் செரிமானம் மந்தமாகிவிடும். ஒருமுறை வயிறு நிறைந்தால் நெடுநேரம் அசையாமல் கிடக்கும். அதனால் எண்ணிக்கை குறையும், ஆனால் கிடைப்பது பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு. கோடையில் காலை ஏழு மணிக்கே வெயிலுக்குப் பயந்து ஓடுவதோடு ஒப்பிட்டால், ஜனவரி மதியம் சட்டையோடு படகில் உட்கார்ந்திருப்பது தனி சுகம். ஏரியில் ஜெட் ஸ்கீக்காரர்களின் இரைச்சலும் இருக்காது.

நீருக்கு அடியில் என்ன மாறுகிறது?

எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி இது. கோடையில் மேல்நீர் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும்போது ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது: மேலே இளஞ்சூடான, உயிர்வளி நிறைந்த நீர்; கீழே குளிர்ந்த, உயிர்வளி குறைந்துகொண்டே போகும் நீர். மீனுக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் கீழ் அடுக்கில் நெடுநேரம் தங்க முடியாது.

இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். அடுக்குகள் உடைந்து ஏரி முழுவதும் கலந்துவிடும். நீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். நமது தாழ்நிலப் பாலைவன ஏரிகள் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால், வடக்கத்தி ஏரிகளைப்போல மேலே பனிமூடி போட்டுக்கொண்டு மறுபடி அடுக்காவதும் இல்லை. குளிர்காலம் முழுவதும் கலந்தே கிடக்கின்றன. விளைவு, அடிமட்டம்வரை மீன் போகலாம். கோடையில் கதவு சாத்திய அறுபதடி ஆழம் ஜனவரியில் திறந்துவிடுகிறது.

ஏரி கலங்கும் அந்தச் சில நாட்கள் மட்டும் மீன்பிடிப்பு பெரும்பாலும் சோம்பலாக இருக்கும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ தெரியும். சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றம்கூட அடிக்கும். அப்போது வேறொரு ஏரிக்குப் போய்விடுவது நல்லது. எல்லா ஏரிகளும் ஒரே வாரத்தில் கலங்குவதில்லை.

அப்படியென்றால் மீன் எங்கே?

ஷேட் எங்கேயோ அங்கே. ஷேட் குளிர் தாங்காத மீன். நீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் தள்ளாடும். அதற்கும் கீழே போனால் சாகத் தொடங்கும். எனவே குளிர்காலத்தில் அது பெரும் கூட்டமாகச் சேர்ந்து, வெப்பநிலை சீராக இருக்கும் ஆழத்துக்கு இறங்குகிறது. பாஸும் ஸ்ட்ரைப்பரும் அதன் பின்னாலேயே போகின்றன. 25 அடியிலிருந்து 60 அடிவரை தேடுங்கள். குறிப்பாக, பழைய ஆற்றுப் படுகை வளைந்து கரைக்கு அருகே வரும் இடங்கள், நீருக்குள் நீண்டு சட்டென்று சரியும் பாறை முனைகள், ஓடைகளின் வாய்.

படகில் சோனார் (ஒலியலையால் மீனைக் காட்டும் கருவி) இருந்தால் ஷேட் கூட்டம் திரையில் மேகத் திட்டாகத் தெரியும். அதன் அடியில் தனித்தனி வளைவுகளாகத் தெரிபவைதான் நமக்கு வேண்டியவை. சோனார் இல்லாதவர்கள் பறவைகளைப் பாருங்கள். பிளெசன்ட் ஏரியில் குளிர்காலத்தில் முக்குளிப்பான்கள் கூட்டமாக வந்திறங்கும். அவை ஒரே இடத்தில் மூழ்கி மூழ்கி எழுந்தால் கீழே ஷேட் இருக்கிறது என்று பொருள். நீர்க்காகங்களும் அப்படியே சேதி சொல்லும்.

படகு இல்லை. கரையிலிருந்து முடியுமா?

முடியும், இடத்தைத் தேர்ந்தெடுத்தால். தட்டையான மணல் கரை குளிர்காலத்தில் வீண். செங்குத்தாக இறங்கும் கரையில் நின்றால் இருபது கஜ தூரத்துக்குள்ளேயே முப்பதடி ஆழம் கிடைக்கும். கேன்யன், அப்பாச்சி ஏரிகள் இதற்குப் பொருத்தமானவை. பெரும்பகுதி மலையிடுக்கிலேயே கிடக்கின்றன.

இன்னொரு குறிப்பு: ஏரியின் வடகரையைப் பிடியுங்கள். அது தெற்கு நோக்கி இருப்பதால் நாள் முழுவதும் வெயில் படும். வாடைக்காற்றும் மலைக்குப் பின்னால் தடுக்கப்படும். பாறைகள் சூடேறிய பிறகு, பிற்பகல் இரண்டு மணிவாக்கில், அருகிலுள்ள நீர் ஓரிரு டிகிரி கூடும். அந்த ஓரிரு டிகிரிக்காகச் சில பாஸ்கள் ஆழத்திலிருந்து மேலேறி வரும். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை என்பது குளிர்காலத்தின் பெரிய சலுகை.

குழந்தைகளோடு போக எளிதான இடம்?

ஏரிகளை மறந்துவிட்டு நகரப் பூங்காக் குளங்களுக்குப் போங்கள். அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ் துறை, சமூக மீன்பிடித் திட்டத்தில் சேர்ந்துள்ள குளங்களில் குளிர்மாதங்களில் ரெயின்போ டிரவுட்டைக் கொண்டுவந்து விடுகிறது. எந்த வாரம் எந்தக் குளத்தில் விடுகிறார்கள் என்ற அட்டவணையைத் துறையே வெளியிடுகிறது. கோடை வந்தால் அந்தச் சூட்டில் டிரவுட் உயிர்பிழைக்காது. ஆகவே பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவதில் மனச்சங்கடம் வேண்டாம், அதற்காகத்தான் விடுகிறார்கள்.

டிரவுட்டுக்கு இரையை எப்படிக் கோக்க வேண்டும்?

பவர்பெய்ட் என்ற மாவு இரைதான் இங்கே பெரும்பாலோர் கையில். அதில் கோட்டைவிடுகிறவர்களும் நிறையப் பேர். மெயின் நரம்பில் நடுவே துளையுள்ள சிறு ஈயக்குண்டைக் கோத்து, அதன் கீழே ஒரு சுழலியைக் கட்டுங்கள். சுழலியிலிருந்து ஒன்றரை அல்லது இரண்டு அடி நீளத்துக்கு, நான்கு பவுண்டு தாங்கும் மெல்லிய நரம்பு. அதன் நுனியில் 16ஆம் எண் சிறிய முள். மாவைப் பட்டாணி அளவுக்கு உருட்டி முள்ளின் கூர் தெரியாதபடி மூடுங்கள்.

வீசுவதற்கு முன் கரையோரத்தில் நீரில் விட்டுப் பாருங்கள். மாவு முள்ளையும் தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். மூழ்கினால் முள் பெரிது அல்லது மாவு போதாது. ஈயம் தரையில் கிடக்க, இரை மட்டும் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே நிற்பதே இந்த அமைப்பின் உயிர். குளத்துத் தரையின் பாசியில் புதைந்த மாவை எந்த டிரவுட்டும் தேடி வராது. எலுமிச்சைப் பச்சையா, ஆரஞ்சா, இளஞ்சிவப்பா என்ற நிறச் சண்டையை நான் பெரிதாக மதிப்பதில்லை. அரைமணி நேரம் கடி இல்லையென்றால் நிறத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

மண்புழுவும் வேலை செய்யும். பாதியாகக் கிள்ளிப் போடுங்கள். முழுப்புழுவைப் போட்டால் முள் இல்லாத பக்கத்தைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். மீன் விட்ட மறுநாளே போகிறவர்களுக்கு, தக்கை எதுவும் இல்லாமல் மெதுவாகச் சுருட்டும் சிறிய ஸ்பின்னரோ பளபளப்பான ஸ்பூனோ (இரண்டும் உலோகப் போலி இரைகள்) மாவைவிட வேகமாகப் பலன் தரும். இரண்டு மூன்று நாள் போனபின் மீன் அலுத்துவிடும். அப்போது மாவுக்குத் திரும்புங்கள்.

ஏரியில் பாஸுக்கு என்ன இரை?

ஆழம் தெரிந்தபின் கேட்டால் இது எளிய கேள்வி. மூன்று போதும்.

முதலாவது ஜிக்கிங் ஸ்பூன்: அரை முதல் முக்கால் அவுன்ஸ் எடையுள்ள வெள்ளி நிற உலோகத் தகடு. ஷேட் கூட்டத்துக்கு நேர்மேலே படகை நிறுத்தி, தகட்டை அடிவரை இறக்கி, ஓரடி இரண்டடி சுண்டித் தூக்கி மறுபடி விழவிட வேண்டும். அது தள்ளாடி விழுவது செத்துக்கொண்டிருக்கும் ஷேட் மாதிரியே இருக்கும். கடி எப்போதும் விழும்போதுதான். கையில் இழுப்பாக உணர மாட்டீர்கள். கீழே போய்க்கொண்டிருந்த நரம்பு பாதிவழியில் தளர்ந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்து உடனே சுண்ட வேண்டும். நரம்பைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு ஸ்பூன் உகந்ததல்ல.

இரண்டாவது டிராப் ஷாட். ஈயம் நுனியில், முள் அதற்கு ஓரடி மேலே, முள்ளில் நான்கங்குல ரப்பர் புழு. ஆறு அல்லது எட்டு பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. ஈயம் தரையில் நிற்கட்டும். புழுவை ஆட்ட வேண்டாம், நரம்பைச் சற்றே தளர்த்தி இறுக்கினாலே ஆடும். பெரும்பாலோர் செய்யும் தவறு அளவுக்கு மீறி ஆட்டுவது.

மூன்றாவது, பெரிய மீனுக்கு மட்டும் குறிவைப்பவர்களுக்கானது: ஸ்விம்பெய்ட், அதாவது டிரவுட் வடிவில் நீந்துவதுபோல் அசையும் பெரிய போலி இரை. கேன்யன், சவாரோ ஏரிகளில் குளிர்காலத்தில் டிரவுட் விடப்படுவது உண்டு. அவற்றைத் தின்று பாஸ் கொழுக்கிறது. மாநிலத்தின் சாதனை லார்ஜ்மவுத் 1997இல் கேன்யன் ஏரியில்தான் பிடிபட்டது. எடை 16 பவுண்டுக்கு மேல். ஆனால் நாள் முழுக்க வீசி ஒரு கடியும் இல்லாமல் திரும்பும் பொறுமை இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஸ்ட்ரைப்பருக்கு நெத்திலி போடலாமா?

தாராளமாக. மீட் ஏரியிலும் ஹவாசுவிலும் உறைந்த நெத்திலிதான் ஊரறிந்த இரை. தூண்டில் கடைகளிலேயே பொட்டலமாகக் கிடைக்கும். நம் வீட்டு உறைபெட்டியில் இருக்கும் நெத்திலியை எடுத்துப் போனவர்களையும் அறிவேன். வீட்டில் கிடைக்கும் ஏச்சுக்கு நான் பொறுப்பில்லை.

முழுதாக உருகவிடாதீர்கள். பாதி உறைந்த நிலையில் அங்குல நீளத் துண்டுகளாக வெட்டினால் முள்ளில் உறுதியாக நிற்கும். உருகிவிட்டால் கூழாகி வீசும்போதே கழன்றுவிடும். தலைப்பகுதித் துண்டு நெடுநேரம் தாங்கும். சிறு ஈயம் ஒன்றைக் கடித்து இறுக்கி, நாற்பது அடி ஆழத்துக்கு மெதுவாக இறங்கவிடுங்கள். முதல் மீன் எந்த ஆழத்தில் கடித்ததோ அந்த ஆழத்தை நரம்பில் அடையாளம் வையுங்கள். ஸ்ட்ரைப்பர் கூட்டமாகத் திரிவது. ஒன்று வந்தால் அடுத்ததும் அங்கேயே இருக்கும். கூட்டம் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள்.

பிளெசன்ட் ஏரியிலும் ஸ்ட்ரைப்பர் உண்டு. ஹவாசுவிலிருந்து கால்வாய் நீரோடு வந்து குடியேறியது.

கிராப்பி?

ரூஸ்வெல்ட், பார்ட்லெட். மூழ்கிய மரங்கள், புதர்களின் பக்கத்தில் இருபது முப்பது அடியில் கூட்டமாக நிற்கும். ஓரங்குலச் சிறு ஜிக்கை (ஈயத்தலை வைத்த போலி இரை) அவற்றின் தலைக்கு ஓரடி மேலே அசையாமல் பிடித்திருங்கள். கிராப்பி மேலே பார்த்துத் தின்னும் மீன்; கீழே போன இரையைத் திரும்பிப் பார்க்காது. வாய் மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும்.

கெளுத்தி, கெண்டை, ஜிலேபி?

கெளுத்தியும் ஜிலேபியும் கோடைக்கானவை. ஜிலேபி குளிரில் சுருண்டு கிடக்கும். கெண்டை மட்டும் வெயில் பட்ட குளத்து மூலையில் மக்காச்சோளத்துக்கோ ரொட்டி மாவுக்கோ வரும்.

உயிருள்ள சிறுமீன், நண்டு போட அனுமதி உண்டா?

இங்கே கவனமாக இருங்கள். உயிருள்ள இரைமீனை ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோவதற்கு அரிசோனாவில் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. இந்த ஊர் ஆறுகளில் இல்லாத கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் நண்டு) வெளியிலிருந்து வந்து பூர்வீக மீன்களையும் தவளைகளையும் அழித்த கதை பழையது. அதை உயிரோடு எடுத்துச் செல்வதும் ஏறக்குறைய மாநிலம் முழுவதும் சட்டவிரோதம். பிடித்த நீரிலேயே பயன்படுத்துவதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எந்த வானிலையில் போவது?

மழைமேகம் நெருங்கி வரும் நாள், குறிப்பாகக் குளிர்காற்று வருவதற்கு முந்தைய பிற்பகல், மிக நல்லது. அது கடந்துபோன மறுநாள், வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருக்கும். குடும்பப் படத்துக்கு அருமையான நாள், மீனுக்கு மோசமான நாள். இரண்டு நாள் கழித்துப் போங்கள்.

இந்த மாநிலத்துக்கு மழை இருமுறை: கோடைப் பருவமழை, பசிபிக்கிலிருந்து வரும் குளிர்கால மழை. பின்னது பலமாகப் பெய்தால் டோன்டோ ஓடையும் சால்ட் ஆறும் ரூஸ்வெல்ட் ஏரிக்குள் செந்நிறக் கலங்கலைக் கொட்டும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டை ஒட்டி வீசுங்கள். நிலா, திதி கணக்கெல்லாம் கேட்பவர்களுக்கு: வார இறுதியில் மட்டுமே விடுப்பு கிடைப்பவர்கள் அதைப் பார்த்துப் பயனில்லை.

குளிர்காலத்தில் பிளெசன்ட் ஏரி மட்டும் நிரம்புவது ஏன்?

மழையால் அல்ல. ஹவாசு ஏரியிலிருந்து டூசான் பக்கம்வரை 336 மைல் நீளும் மத்திய அரிசோனா கால்வாயின் சேமிப்புத் தொட்டி அது. தேவை குறைந்த குளிர்மாதங்களில் கொலராடோ நீரை ஏற்றி நிரப்புவார்கள், கோடையில் இறக்குவார்கள். அதனால் சென்ற மாதம் நீங்கள் நின்ற பாறை இந்த மாதம் நீருக்குள் இருக்கலாம். மூழ்கிய புதர்களையும் பழைய கரையோரத்தையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வசந்தத்தில் இது பெரிய உதவி.

இன்னொன்று: ஏரியின் வடபகுதியில் வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டுவதால் டிசம்பர் 15 முதல் ஜூன் 15 வரை ஒரு பகுதி மூடப்படும். மிதவைக் குறிகளைத் தாண்டாதீர்கள். கரையில் காட்டுக் கழுதைகள் வந்து நிற்கும்; ரொட்டி கொடுத்துப் பழக்க வேண்டாம்.

செத்த மீன்கள் மிதக்கின்றன. என்ன காரணம்?

குளிர்காலத்தில் தங்கப் பாசி ஒரு காரணமாக இருக்கலாம். உப்புத்தன்மை கொஞ்சம் கூடிய நீரில் பெருகும் நுண்பாசி. அதன் நஞ்சு மீனின் செவுளைச் சிதைத்துவிடும். 2000க்குப் பின் வந்த ஆண்டுகளில் சால்ட் ஆற்று ஏரிகளில் இது பெரும் மீன்சாவுக்குக் காரணமானது. அப்பாச்சி ஏரியில் அடி பலமாக விழுந்து, பிறகு பாஸ் குஞ்சுகளை விட்டு மீட்க வேண்டியிருந்தது. மனிதருக்குக் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. இருந்தாலும் மிதக்கும் மீனை எடுக்காதீர்கள், துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

டிரவுட்டை யோசிக்காமல் சாப்பிடலாம். ஸ்ட்ரைப்பர் குழம்புக்கு நன்றாக இருக்கும். பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையை வெட்டி எறிந்துவிட்டால் கவிச்சு போய்விடும். பெரிய பாஸில் பாதரசம் சேரும். சில ஏரிகளின் பாஸுக்கு மாநிலம் உண்ணல் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் சமைக்க வேண்டாம். பெரிய பாஸைத் திரும்ப விடுவதே எனக்குப் பிடித்த வழக்கம்.

உரிமம், அனுமதிச்சீட்டு?

பத்து வயது நிரம்பிய எல்லாருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். பூங்காக் குளங்களுக்கு மட்டும் போதுமான மலிவான சமூக உரிமம் தனியாக உண்டு. சால்ட், வெர்டே ஏரிகளின் பல இடங்களில் வண்டி நிறுத்த டோன்டோ காட்டுத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும். புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். மீட், ஹவாசு இரண்டும் மாநில எல்லை நீர்கள். அங்கே எந்த உரிமம் செல்லும் என்று தனியாகப் பாருங்கள்.

படகில் போகிறவர்களுக்கு?

வெளியே 65 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் அடிப்பதால் நீரும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். 52 டிகிரி நீரில் விழுந்தவர் முதலில் மூச்சுக்குத் திணறுவார். சில நிமிடங்களில் விரல்கள் கயிற்றைப் பிடிக்காது. பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தைகள் உயிர்காப்பு அங்கி அணிவது சட்டம். குளிர்காலத்தில் பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது படகின் அடைப்பானைக் கழற்றி நீரை வடித்து உலர்த்துங்கள். 2007இல் மீட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட குவாகா சிப்பி இப்படித்தான் படகு படகாக ஊர் மாறுகிறது.

இந்த ஆழக் கணக்கு எப்போது முடியும்?

பிப்ரவரி கடைசியில். மேல்நீர் 58 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுச் சில இரவுகள் அங்கேயே நின்றால், பாஸ் முட்டையிட இடம் தேடி ஓடைகளின் உட்பக்கம் ஏறத் தொடங்கும். சவாரோவில் முதலில், ரூஸ்வெல்ட்டில் சற்றுப் பிந்தி. அப்போது ஸ்பூனைப் பெட்டியில் வைத்துவிட்டு, பத்தடி ஆழத்தில் ஜெர்க்பெய்ட் என்ற போலி மீனைச் சுண்டிச் சுண்டி நிறுத்திப் பாருங்கள். நிறுத்தும் நேரம் மூன்று நான்கு நொடி இருக்கட்டும். கடி அப்போதுதான் வரும்.